மாமல்லையின் தவப் பூனை

ஜப்பானியச் சித்திரக்காரர்களுக்குப் பூனையிடம் அலாதிப் பிரியம் உண்டு. மரப்பலகையில் செதுக்கி, வர்ணம் தடவி, காகிதத்தில் ஒற்றி எடுக்கும் அவர்களுடைய அச்சுச் சித்திரங்களில் பூனை தூங்குகிறது, மீனைக் கவ்வுகிறது, வேடிக்கை பார்க்கிறது. ஹிரோஷிகே 1857இல் எழுதிய ஜன்னல் பூனை உலகப் பிரசித்தம். குனியோஷி (1798–1861) இன்னும் ஒரு படி மேலே போனார். நாடக நடிகர்களின் படங்களை அச்சிடலாகாது என்று 1842இல் அரசாங்கம் தடை விதித்தது. மனிதரை எழுதக் கூடாதென்றால் பூனையை எழுதலாமல்லவா? அவருடைய பூனைகள் மனிதரைப் போல் உடுத்திக் கூத்தாடின.

மனிதரைப் பரிகசிக்கப் பூனையைத் துணைக்கு அழைக்கும் யுக்தி ஜப்பானுக்கு மட்டுந்தான் சொந்தமா? இதைத் தெரிந்துகொள்ள நாம் கப்பலேற வேண்டியதில்லை. கவரைப்பேட்டையில் காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய், அங்கிருந்து தெற்கே பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் மாமல்லபுரம் சேர்ந்துவிடலாம்.

அங்கே ஏறக்குறைய 30 மீட்டர் நீளமுள்ள பாறையில், பல்லவர் காலத்துச் சிற்பிகள் 7ஆம் நூற்றாண்டில் ஓர் உலகத்தையே செதுக்கியிருக்கிறார்கள். மேலே, எலும்பும் தோலுமாய் ஒருவர் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, ஒற்றைக் காலில் தவம் புரிகிறார். அவர் அர்ஜுனனா, பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வருகிறவர்கள் அவரையும் பெரிய யானைகளையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். யானையின் அருகே சற்றுக் குனிந்து பாருங்கள்: ஒரு பூனை! பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தி, அதே தவக்கோலம்! சுற்றிலும் எலிகள்.

கங்கைக் கரையில் பொய்த் தவம் செய்து எலிகளின் நம்பிக்கையைப் பெற்று, அவற்றையே தின்று கொழுத்த பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. சிற்பி அந்தக் கொலையைக் காட்டவில்லை. எலிகள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் கணத்தையே காட்டினான். மெய்த் தவத்தையும் பொய்த் தவத்தையும் ஒரே பாறையில், ஒரே கோலத்தில் வைத்தான். கைகள் உயர்ந்திருப்பதை மட்டும் கண்டு இரண்டையும் பிரித்தறிய முடியுமா?

குனியோஷியின் பெயர் நமக்குத் தெரிகிறது. மாமல்லைச் சிற்பியின் பெயர் தெரியவில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வி கல்லில் இருக்கிறது. பூனையின் கபடத்தைக் கண்டு சிரிப்பது சுலபம். எலிகளையும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு வரவேண்டும். பூனை ஒன்றுதான், நம்பி வந்தவையோ பல.