காற்புள்ளிகள் மட்டும்

2006ஆம் ஆண்டு, நின்றுபோன சிற்றிதழ் ஒன்றின் கட்டுரைகளை இணையத்தில் ஏற்றும் வேலையில் நாங்கள் மூவர் இறங்கியிருந்தோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கண்புரையோடு போராடி, நாற்பது கட்டுரைகளைத் திஸ்கியில் தட்டச்சு செய்து தந்திருந்தார். அவற்றை யூனிகோடாக்க ஐகான்வ் என்ற நிரல் போதும். தொலைவிலிருந்த டெபியன் வழங்கிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்து ஒரு கட்டுரையை மாற்றிப் பார்த்தோம், பழுதில்லை. பிறகு உள்ளே நுழையாமலே, எங்கள் கணினியிலிருந்து ஒற்றைக் கட்டளையாக மொத்த வேலையையும் ஏவிவிட்டு உறங்கப் போனோம்.

காலையில் கோப்புகளில் காற்புள்ளிகளும் முற்றுப்புள்ளிகளும் ஆண்டுகளைக் குறித்த எண்களுமே இருந்தன. தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. புதிய கோப்பை மூலக் கோப்பின் இடத்திலேயே வைக்கும்படி எழுதிய அவசரம் எங்களுடையது.

காரணம் பிடிபட இரண்டு நாட்கள் ஆயின. வழங்கிக்குள் நாமே நுழையும்போது பாஷ் ஷெல், பயனரின் பாஷ்_புரொஃபைல் கோப்பைப் படிக்கிறது. யூடிஎஃப்-8 என்ற அமைப்பை நாங்கள் எழுதிவைத்தது அதில்தான். கட்டளையை மட்டும் அனுப்பினால் எழுவது வேறு ஷெல். அது அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை. அமைப்பு இல்லாததால் ஐகான்வ் வெறும் ஆஸ்கியை இலக்காகக் கொண்டது. மாற்ற இயலாததை விட்டுவிடு என்று '-சி' குறியும் நாங்களே கொடுத்திருந்தோம். சொன்னதைச் செய்தது, பாவம்.

அமைப்பைப் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் சேர்த்தோம். டெபியனில் தொலைக்கட்டளைக்கும் பாஷ் அதைப் படிக்கும். அப்போதும் பயனில்லை. அக்கோப்பின் தொடக்கத்திலேயே ஒரு காவல் வரி: எதிரே ஆள் அமர்ந்து உரையாடாத ஷெல்லாயின் இத்துடன் திரும்பு. அந்த வரிக்கு மேலே எழுதிய பிறகே வேலை நடந்தது. (அங்கே திரையில் ஏதேனும் அச்சிடும் வரியை வைத்தால் எஸ்சிபி வழியான கோப்புப் பரிமாற்றம் கெடும் என்பதையும் பட்டே அறிந்தோம்.) இலக்கைக் கட்டளையிலேயே குறித்திருந்தால் இத்தனை பாடும் இல்லை.

ஆசிரியரிடமிருந்த குறுவட்டில் முப்பத்துநான்கு கட்டுரைகள் கிடைத்தன. ஆறு போயின. தயங்கித் தயங்கிச் சொன்னோம்.

"அதுக்கென்ன தம்பி, இதழ் என்கிட்டதானே இருக்கு" என்றார்.

மறுவாரம் அவருக்குக் கண் அறுவை. ஆறையும் நாங்களே தட்டச்சு செய்து, அவர் கட்டிலருகே அமர்ந்து வாசித்துக் காட்டினோம். கட்டுப்போட்ட கண்ணோடு, விடுபட்ட ஒற்றுகளைச் செவியாலேயே பிடித்துத் திருத்தினார்.