கழுவாத போத்தல்

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குகிறது. அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரின்மேல் அந்த நல்ல தண்ணீர் மெல்லிய படையாக மிதக்கிறது. கிணறு வெட்டி நாங்கள் குடிப்பது அதைத்தான். கல்லில் வெடிப்பு இருப்பதால் மழை எவ்வளவு சுலபமாக இறங்குகிறதோ, அவ்வளவு சுலபமாக மற்றவையும் இறங்கிவிடும்.

2015 தைப்பொங்கல் முடிந்த கையோடு, சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்துவிட்டது என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் கிணற்றையும் பார்க்க ஓர் இளைஞர் வந்தார். கையில் ஐஸ் பெட்டி; அதற்குள் கண்ணாடிப் போத்தல்கள்.

"தம்பி, போத்தலைக் கழுவித் தரட்டோ?" என்று கேட்டார் அம்மா.

"வேண்டாம் அம்மா, இதைக் கழுவக் கூடாது."

அம்மாவின் முகம் சுருங்கியது. கழுவாத பாத்திரத்தை எங்கள் கிணற்றுக்குள் விட்டவர் எவருமில்லை.

மற்றச் சோதனைகளுக்கென்றால் அதே தண்ணீரால் போத்தலை இரண்டு மூன்று தரம் அலசுவார்களாம். எண்ணெய்க்கு அது ஆகாது. அலசும்போது எண்ணெய் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கூட்டிவிடும். பிளாஸ்ரிக் போத்தலும் உதவாது. எண்ணெய் அதில் பிடித்துக்கொள்ளும். அவர் ஒரே முறை மொண்டார். வழியில் நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்றுவிடாமல் சில துளி அமிலம் விட்டு, மூடி, ஐஸில் வைத்தார். ஆய்வுகூடத்தில் எக்சேன் என்ற கரைப்பானைச் சேர்த்துக் குலுக்கினால், எண்ணெய் தண்ணீரை விட்டு அதற்குள் போய்விடுமாம். பிறகு கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சியதை நிறுப்பார்கள். பென்சீனுக்கென்று இன்னொரு சின்னக் குப்பி. அது காற்றோடு ஓடிவிடும் சரக்கு. ஆகவே ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பினார்.

"மணம் ஒண்டும் வரேல்லையே, தம்பி?"

"மணக்காட்டிலும் இருக்கலாம், அம்மா."

குடிநீரில் பென்சீன் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதைப்போல் பல மடங்கு ஏறினால்தான் நாக்குக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக மூக்கையும் நாக்கையும் நம்பியிருந்த எங்களுக்கு இது புதுச் செய்தி.

உண்மையில் எங்கள் கிணற்றைச் சோதித்த முதல் ஆள் அவர் அல்லர். ஆச்சி ஆயுள் முழுவதும் சோதித்தார். அவர் பார்த்தது தண்ணீரை அல்ல, அள்ள வந்த கைகளை. சில குடும்பத்தவர் வேலிக்கு வெளியே குடத்தோடு காத்து நிற்பார்கள். எங்கள் வீட்டார் யாராவது அள்ளி, உயரத்திலிருந்து வார்க்க வேண்டும். வாளி குடத்தில் முட்டிவிட்டால் அன்று வாளிக்குத் தண்டனை. சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்ப்பார் ஆச்சி. சிறுவனான நான் பல நாள் அப்படி வார்த்திருக்கிறேன். கை நடுங்கியது வாளியின் பாரத்தால் என்றுதான் அப்போது நினைத்தேன்.

முடிவு வந்தது. எண்ணெய் அளவுக்கு மேல், குடிக்க வேண்டாம். யாருடைய எண்ணெய் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2019 இல் தீர்ப்பாகி, இழப்பீடும் விதிக்கப்பட்டது. அது பிந்திய கதை. அன்றைக்கு எங்களுக்கு இருந்தது, பவுசர் வந்து நிரப்பிய சந்திமுனைத் தாங்கிதான்.

அம்மாவும் குடத்தோடு போனார். வரிசையில் முன்னுக்கு நின்ற பெண்ணை எனக்குத் தெரியும். வேலிக்கு வெளியே நின்ற ஒருத்தியின் மகள். அம்மாவின் வயதைப் பார்த்து அவள் விலகி, "அம்மா, நீங்கள் முன்னுக்கு வாங்கோ" என்றாள்.

"இல்லைப் பிள்ளை, நான் வரிசையிலேயே நிக்கிறன்" என்றார் அம்மா.

குடம் நிரம்பும்வரை அவர் வேறு பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது குடத்தைச் சுமந்தவன் நான். அன்றும் என் கை நடுங்கிற்று.