பதினைந்து சுற்றும் நாற்பது சுற்றும்

மைக் செட் தொழில் செய்யும் நண்பர் ஒருவரின் ஆம்ப்ளிஃபையர் ஒரே ஆடி மாதத்தில் திரும்பத் திரும்ப எரிந்தது. 'ஆயிரம் வாட்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய, கையால் அசெம்பிள் செய்த கிளாஸ் டி செட். கூழ் வார்க்கும் திருவிழாவில் நடுராத்திரிக்கு முன்பே பாட்டு நின்றுபோனால் ஊர் சும்மா இருக்குமா? பேசிய வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அதைச் சரிசெய்து கொடுத்த மெக்கானிக்கைப் பற்றி நண்பர் அவ்வளவு மரியாதையோடு பேசினார். அவரைப் பார்க்கத்தான் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கும் அந்தத் தெருவின் கடைகளை எல்லோருக்கும் தெரியும். கடைகளுக்கு மேலே, குறுகலான படியேறிப் போனால் வரும் அறைகள்தான் பலருக்குத் தெரியாது. அப்படி ஓர் அறையில் ஒரு மேஜை, ஒரு பழைய ஸ்கோப், ஈயப் புகை, சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு குண்டு பல்ப். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். பெயர் போட வேண்டாம் என்றார்.

செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மைக் செட்டுக்கு எடுபிடியாகச் சேர்ந்தவர். தென்னை மரத்தில் ஏறிக் கூம்பு ஸ்பீக்கர் கட்டியவர். பிறகு இதே தெருவில் ஒரு கடையில் ஈயம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். டூஎன் 3055 டிரான்சிஸ்டர், எல்ஏ 4440 ஐசி என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு போர்டு அவர் கையைக் கடந்து போயிருக்கிறது. "அதெல்லாம் தப்பு பண்ணாலும் மன்னிக்கும் சார். கிளாஸ் டி மன்னிக்காது" என்றார்.

பழைய ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் பாதி திறந்த நிலையிலேயே வேலை செய்து கரண்டில் பெரும் பங்கைச் சூடாக வீணாக்கும். கிளாஸ் டி-யில் மாஸ்பெட் என்ற வகை டிரான்சிஸ்டர்கள் சுவிட்ச் மாதிரி முழுசாகத் திறக்கும், முழுசாக மூடும். அதுவும் நொடிக்கு மூன்று, நான்கு லட்சம் தடவை. இந்த யோசனை புதிதல்ல. 1964-லேயே இங்கிலாந்தில் சின்க்ளேர் நிறுவனம் எக்ஸ்-10 என்ற பெயரில் இதை வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கிட்டாக விற்றது. அன்றைய டிரான்சிஸ்டர்களின் வேகம் அதற்குப் போதவில்லை. பாட்டு எப்படித் துடிப்புகளாக மாறுகிறது என்ற கணக்கையும் அவர் விளக்கினார். அதை விட்டுவிட்டு, அவர் கைவைத்த இடத்துக்கு வருகிறேன்.

நண்பரின் செட்டில் ஐஆர்எஸ் 2092 டிரைவர் ஐசியும் ஐஆர்எஃப்பி 4019 மாஸ்பெட்டும் இருந்தன. முதல் தடவை எரிந்தபோது உள்ளூரில் யாரோ 'பெரிசாகப் போடுவோம்' என்று 4227-ஐ வைத்துவிட்டார்கள். கரண்ட் தாங்குவதில் அது பல மடங்கு பெரியதுதான். ஆனால் மாஸ்பெட்டின் 'கேட்' முனையில் மின்னூட்டம் நிரம்பினால்தான் அது திறக்கும், வடிந்தால்தான் மூடும். 4019-க்கு 13 நானோ கூலும் போதும். 4227-க்கு 70 வேண்டும். "ஒரே குழாய்லதான் சொம்பும் ரொம்பும், அண்டாவும் ரொம்பும். நேரம் ஒண்ணா சார்?" மேலும் கீழுமாக மாறி மாறித் திறக்கும் ஜோடியில், மேலே உள்ள மாஸ்பெட் மூடி முடிப்பதற்குள் கீழே உள்ளது திறந்துவிட்டால் சப்ளை நேராக ஷார்ட். அதைத் தவிர்க்க விடும் இடைவெளிக்குத்தான் டெட் டைம் என்று பெயர். இந்த ஐசியில் 25, 40, 65, 105 நானோ செகண்ட் என்று நான்கு படி உண்டு. குறைத்தால் எரியும், கூட்டினால் ஒலி கெடும். அவர் பழைய 4019-ஐயே நல்ல சரக்காகத் தேடிப் போட்டு, இரண்டு ரெசிஸ்டரை மாற்றி, இடைவெளியை ஒரு படி தள்ளி வைத்தார்.

அடுத்தது காயில். துடிப்புகளை வடிகட்டிப் பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புவது இதுதான். நண்பரின் போர்டில் இருந்தது பழைய கம்ப்யூட்டர் சப்ளையில் கழற்றிய மஞ்சள் வளையம். பதினைந்து சுற்றுச் சுற்றினால் 22 மைக்ரோ ஹென்றி வந்துவிடும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்த இரும்புத்தூள் இவ்வளவு வேகத்துக்கு ஆகாது. பாட்டே போடாமல் வைத்தாலும் காயில் கை வைக்க முடியாதபடி சுடும். அதே அளவுள்ள சிவப்பு வளையத்தில் அதே 22 வேண்டுமானால் நாற்பது சுற்று. என் எதிரில் ஒன்றைச் சுற்றினார். கம்பியை இழுத்து விரலால் படிய வைத்து, சுற்றின் மேல் சுற்று ஏறாமல் பார்த்துக்கொண்டார். கட்டைவிரல் நகத்தின் ஓரம் கம்பி அறுத்த தழும்பு தெரிந்தது.

அதை ஒரு போர்டில் பூட்டி முடித்ததும் நேராக கரண்ட் கொடுக்கவில்லை. குண்டு பல்ப் வழியாகத்தான் கொடுத்தார். அதற்கு சீரீஸ் பல்ப் என்று பெயர். சுவிட்சைப் போட்டதும் பல்ப் பளிச்சென்று எரிந்தது. கெப்பாசிட்டர்கள் நிரம்பியதும் மங்கி அணைந்தது. அணையாமல் எரிந்தால் உள்ளே ஷார்ட். எல்இடி பல்ப் இந்த வேலைக்கு உதவாது. அதனால் நூறு வாட்ஸ் குண்டு பல்பை எங்கே கண்டாலும் வாங்கி வைத்துவிடுகிறார்.

இவ்வளவுக்கும் கூலி எவ்வளவு என்று கேட்டேன். சொன்ன தொகையைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. கீழே கடைக்காரர்கள் பீஸ் கணக்கில் வேலை கொடுக்கிறார்கள். மஞ்சள் வளையம் போதும் என்பதும் அவர்கள்தான். சிவப்பைப் போட்டால் அந்தக் காசும் மெக்கானிக் கையிலிருந்து. பழைய போர்டில் பிடுங்கிய மாஸ்பெட்டைத் தேய்த்துப் புது நம்பர் அச்சடித்து விற்கிறவர்களும் உண்டு. தின்னரில் துடைத்தால் எழுத்து போய்விடுவதை அவர் எனக்குக் காட்டினார். எரிந்து திரும்பினால் கூலியில் பிடித்தம். ஓடும்வரை பெயர் கடைக்காரருக்கு, எரிந்தால் பழி மெக்கானிக்குக்கு. இது வியாபாரமா? ஒருவரின் கைத்திறனை வாங்கி அதன் மேல் பொய் ஸ்டிக்கர் ஒட்டி விற்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

அந்த ஸ்டிக்கரும் பொய்தான். பிளஸ் மைனஸ் 50 வோல்ட் சப்ளையில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு சுமார் 150 வாட்ஸ்தான் வரும். 4 ஓமுக்கு 300. ஆயிரம் எங்கிருந்து வரும்?

செட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாட்ஸை மட்டும் கேட்காதீர்கள். மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். காயில் என்ன நிறம் என்று பாருங்கள். ஸ்பீக்கரை மாட்டி அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பூட்டியவர் யார் என்று கேளுங்கள். முடிந்தால் படியேறிப் போய் அவரிடமே வேலையைக் கொடுத்து, அந்த நாற்பது சுற்றுக்கும் கூலியை அவர் கையிலேயே கொடுங்கள்.