ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் பெரிய கோயில் அதேதான்!

"ஒத்தக் கண்ணை வெச்சுக்கிட்டு நான் கோபுரத்துல என்னம்மா பார்க்கப் போறேன்?"

தஞ்சாவூர் போகலாம் என்றதும் அப்பா கேட்டது இது. கிளாக்கோமாவால் அவருடைய இடது கண் பார்வை போய் ஒன்றரை வருடமாகிறது. அதன் பிறகு, டம்ளரில் காபி ஊற்றினால் வெளியே சிந்திவிடும். படி இறங்கும்போது கை சுவரைத் தேடும். வெளியூர் என்றாலே வேண்டாம் என்பார். ஒருவழியாகப் பேசி அழைத்துப் போனேன்.

தரையின் சூடு தணியட்டும் என்று மாலை நாலரை மணிக்குமேல்தான் உள்ளே நுழைந்தோம். கேரளாந்தகன் வாயில், ராஜராஜன் வாயில் இரண்டையும் தாண்டினால் நந்தி, அதற்குப் பின்னால் விமானம். எல்லாமே ஒரே நேர்கோட்டில்! ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்தது. 13 நிலைகள், சுமார் 216 அடி உயரம். அடித்தளம் சதுரம் என்பதால், விமானத்தை எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே அமைப்பு.

நந்தி அருகே நேராக நின்று போட்டோ எடுக்கத்தான் கூட்டம். இடித்துவிடுவார்களோ என்று அப்பா ஓரமாகவே நடந்தார். தென்மேற்கு மூலையில் இருக்கும் பிள்ளையார் சந்நிதிக்குக் கொஞ்சம் முன்பாக, தெற்குத் திருச்சுற்றை ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் அளந்து வெச்ச மாதிரி எவ்வளவு சமமா இருக்கு பாரும்மா!"

நான் அதே இடத்திலிருந்து மொபைலில் படம் எடுத்தேன். படத்தில் தெற்குப் பக்கம் அகலமாகவும், மேற்குப் பக்கம் ஒடுங்கியும் இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். "படத்துல அப்படித்தான் தெரியுது. நேர்ல ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார்.

அவர் சொன்னதில் ஓர் அறிவியல் இருக்கிறது. கோணலாக நின்று பார்க்கும்போது, நம் கண்ணுக்குள் விழும் பிம்பமும் அந்த மொபைல் படம் மாதிரி ஒரு பக்கம் ஒடுங்கித்தான் இருக்கும். ஆனால், எவ்வளவு சாய்வில் பார்க்கிறோம் என்பதை மூளை கணக்கில் எடுத்துக்கொண்டு, பொருளின் உண்மையான வடிவத்தை நமக்குத் தருகிறது. 1931-லேயே ராபர்ட் தௌலஸ் என்ற உளவியலாளர் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். சாய்வாக வைத்த வட்டத்தைப் பார்த்தவர்கள், கண்ணில் விழும் நீள்வட்டத்தைவிட அதிக உருண்டையாகவே அதை உணர்ந்தார்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சாப்பாட்டுத் தட்டை மேஜையின் மறுமுனையில் வைத்து, கண்ணுக்குத் தெரிகிறபடி அப்படியே வரையுங்கள். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே மொபைலில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலும் நீங்கள் வரைந்ததுதான் அதிக உருண்டையாக இருக்கும்.

சரி, ஒரு கண் மட்டும் போதுமா? இரண்டு கண்களிலும் விழும் பிம்பங்களுக்கு இடையே உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்து, மூளை தூரத்தைக் கணிக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் இது பெரிய உதவி. காபி டம்ளரில் அப்பா தடுமாறுவது இதனால்தான். ஆனால், தூரம் கூடக் கூட அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே போகும். உயர்ந்து நிற்கும் விமானத்தைப் பார்க்கும்போது நிழல், மேலே போகப்போகச் சிறுக்கும் நிலைகள், நாம் நடக்கும்போது மாறும் காட்சி ஆகியவைதான் அதிகம் கைகொடுக்கும். இவை எல்லாம் ஒரு கண்ணுக்கும் கிடைக்கும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் விமானத்தையே பார்த்தார். "அப்போ இதுல எனக்கு எதுவும் குறையலைன்னு சொல்றே!" என்றவர், கோயிலை இன்னொரு முறை முழுசாகச் சுற்றி வந்தார். வாசல் படியில் மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் ஏறியதும் அவரே ஆரம்பித்தார். "கங்கைகொண்ட சோழபுரத்துல விமானம் உள்வாங்கி வளைஞ்சிருக்குமாமே. அடுத்த மாசம் போலாமா?"