ஒரே ஒரு பச்சைப் புள்ளி

முதல்லயே சொல்லிடறேன். எல்கேஜில இருந்து பிளஸ் டூ வரைக்கும் நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல கடைசியா நீளமா எழுதினது பிளஸ் டூ தமிழ் பேப்பர்தான். ர, ற மாறி இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

உங்க மானிட்டர்ல ஒரு புள்ளி மட்டும் எப்பவும் எரிஞ்சிட்டே இருந்து பாத்திருக்கீங்களா? நான் மூணு நாள் பாக்கல. பாத்தது எங்க அப்பா.

ஆறாவது செமஸ்டர் முடிஞ்ச லீவுல, ப்ராஜெக்ட்டுக்காக கோயம்புத்தூர்ல ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில 21.5 இன்ச் மானிட்டர் வாங்கினேன். சிங்காநல்லூர்ல கரூர் பஸ் ஏறி, வெள்ளகோவில் வரைக்கும் மடியிலேயே வெச்சுட்டு வந்தேன். எங்க வீட்டுக்குப் பின்னாடியே தறிக்குடோன். எட்டு தறி இருந்தது, ரெண்டு பழைய இரும்புக்குப் போயிடுச்சு, மிச்சம் ஆறு. பாவும் நூலும் ஒருத்தர் குடுப்பாங்க, நாங்க கூலிக்கு காடா நெய்து குடுப்போம். தறிச் சத்தத்துலயே படிச்சு வளந்ததால ஹாஸ்டல் அமைதியில எனக்கு முதல் வாரம் தூக்கமே வரல, அது வேற கதை.

நாலாவது நாள் ராத்திரி டெர்மினலைத் திறந்து வெச்சு உக்காந்திருக்கேன், கருப்பு ஸ்கிரீன். அப்பா வாசப்படியில நின்னுட்டு, "ஏங்கண்ணு, அதுல பச்சையா என்னமோ மினுங்குதே?"ன்னார்.

தூசின்னு நெனச்சு துடைச்சேன். போகல. வலது பக்கம் மேல, சின்னதா, பச்சை.

அன்னைக்கு ராத்திரி கத்துக்கிட்டதைச் சொல்றேன், உங்களுக்கு எப்பவாவது உதவும். ஃபுல் எச்டி ஸ்கிரீன்னா 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 பிக்சல். ஒவ்வொண்ணுக்குள்ளயும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சப்பிக்சல், மொத்தம் 62,20,800. ஒவ்வொரு சப்பிக்சலுக்கும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர். அது சொல்றபடி லிக்விட் கிரிஸ்டல் திரும்பி, பின்னாடி இருக்கற வெளிச்சத்தை விடும், இல்ல மறைக்கும். இதுல ஒண்ணு திறந்த நிலையிலயே நின்னுட்டா அது ஸ்டக் பிக்சல். எப்பவுமே இருட்டா கிடந்தா டெட் பிக்சல்.

கண்டுபிடிக்க ஸ்கிரீன் முழுக்க ஒவ்வொரு கலரா போட்டுப் பாருங்க. என்னோடது கருப்புல பச்சையா தெரிஞ்சது, சிவப்புல மஞ்சளா தெரிஞ்சது, வெள்ளையில காணவே காணோம். அப்போ பச்சை சப்பிக்சல் அணையாம மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். அதே இடம் வெள்ளையில மெஜந்தாவா தெரிஞ்சிருந்தா பச்சை செத்துப்போச்சுன்னு அர்த்தம், அதுக்கு சாஃப்ட்வேர்ல மருந்து இல்ல. நான் மூணு நாள் கவனிக்காததுக்குக் காரணமும் இதுதான். வெள்ளை பேக்ரவுண்டுல பிடிஎஃப் படிச்சிட்டே இருந்திருக்கேன்.

கடைக்கு போன் பண்ணேன். "ஒரு புள்ளிக்கெல்லாம் மாத்த முடியாது தம்பி"ன்னுட்டாங்க. கோவம் வந்தது. அப்புறம் தேடிப் பாத்தா, புது மானிட்டருக்கே அப்படித்தானாம்! ஐஎஸ்ஓ 13406-2ன்னு 2001ல வந்த ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு (2008ல 9241-307ன்னு மாறிடுச்சு). அதுல கிளாஸ் 2ன்னா, பத்து லட்சம் பிக்சலுக்கு முழுசா எரியறது 2, முழுசா அணைஞ்சது 2, சப்பிக்சல் குறை 5 வரைக்கும் இருக்கலாம். என் மானிட்டர் சைஸுக்குக் கணக்குப் போட்டா பத்து சப்பிக்சல் போனாலும் அது நல்ல மானிட்டர்தான்.

இதை அப்பாகிட்ட சொன்னேன். சிரிச்சார். "அதுக்குன்னு சட்டமே போட்டு வெச்சிருக்கானா? நமக்கு ஒரு இழை போனா மீட்டர் கணக்குல கழிக்கறாங்க."

அவர் சும்மா சொல்லல. அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு தறியில பாவு இழை ஒண்ணு அறுந்து, நீளத்துக்குக் கோடு விழுந்த துணி அப்படியே மடிச்சுப் போயிருக்கு. கூலியில 1,800 ரூபா கழிச்சுட்டாங்க. எக்ஸ்போர்ட் துணிக்கு நாலு புள்ளி முறைன்னு ஒண்ணு உண்டு. 3 இன்ச் வரைக்கும் குறை இருந்தா 1 புள்ளி, 9 இன்ச் தாண்டினா 4, 100 சதுர கெஜத்துக்கு 40 புள்ளி வரைக்கும் பொதுவா ஏத்துக்குவாங்க. எங்க காடாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, பாக்கறவங்க சொல்றதுதான். எனக்குப் புரியாதது வேற. முப்பது வருசமா நெய்யற மனுசன் அந்தக் கோட்டை எப்படி விட்டார்? அம்மா கேட்டதுக்கு, "கரண்டு மங்கலா இருந்துச்சு"ன்னு முடிச்சுட்டார்.

சரி, ரிப்பேருக்கு வருவோம். ஜேஸ்கிரீன்ஃபிக்ஸ் மாதிரி இலவச டூல் இருக்கு. ஒரு சின்னப் பெட்டியில கலர்கள் வேகமா மாறிட்டே இருக்கும், அதை இழுத்து கெட்ட பிக்சல் மேல வெச்சு விட்டுடணும். வோல்டேஜ் சடசடன்னு மாறும்போது மாட்டினது சில சமயம் விடுபடும், பல சமயம் விடுபடாது. அதை உத்துப் பாத்துட்டு உக்காராதீங்க, வீட்டுல யாருக்காவது வலிப்பு இருந்தா அந்தப் பக்கமே வர விடாதீங்க. ஓஎல்இடி போனுக்கு இது வேண்டாம், அங்க பிக்சலே தானா எரியறது, சமாச்சாரமே வேற. இன்னொரு வழி, மானிட்டரை ஆஃப் பண்ணி ஈரத்துணியால அந்த இடத்தை மெதுவா அமுக்கறது. அமுக்கினேன். எடுத்துட்டு ஆன் பண்ணா பச்சை அப்படியே இருக்கு, எனக்குத்தான் கை நடுங்குச்சு. சுத்தி இருக்கற நல்ல பிக்சலும் சேந்து போக வாய்ப்பு இருக்கு. செய்யாதீங்க.

முதல் நாள் அரை மணி நேரம், ஒண்ணும் ஆகல. ரெண்டாவது நாள் ரெண்டு மணி நேரம் ஓட்டினேன், நடுவுல கரண்டு போயிடுச்சு. மூணாவது நாள் ராத்திரி போட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில கருப்பு ஸ்கிரீன் போட்டா புள்ளி இல்லாத மாதிரி இருந்தது. எனக்கே நம்பிக்கை இல்ல, அப்பாவைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து குனிஞ்சு, மூக்கு ஸ்கிரீனைத் தொடற அளவுக்குப் பாத்தார். "எங்கடா?"ன்னார். கர்சரை அந்த இடத்துல வெச்சேன். கண்ணைச் சுருக்கினார். அப்புறம் மெதுவா தலையைப் பின்னாடி இழுத்தார், இன்னும் பின்னாடி, ஒரு கை நீளம் தள்ளிப் போய், "இல்ல. போயிடுச்சு"ன்னார்.

அப்பத்தான் எனக்கு உறைச்சது. அன்னைக்கு வாசப்படியில இருந்து அந்தப் புள்ளியைப் பாத்தவருக்கு, பக்கத்துல வந்தா கர்சரே தெரியல.

கணக்குப் போட்டுப் பாத்தேன். என் மானிட்டர்ல ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர். 20ஆம் நம்பர் நூல் ஒரு இழை ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தடிமன். ஆனா பிக்சல் இருட்டுல தானா வெளிச்சம் காட்டும், தூரத்துல இருந்தே தெரியும். காடாவுல அறுந்த இழை எந்த வெளிச்சமும் காட்டாது. குனிஞ்சுதான் பாக்கணும்.

"அப்பா, கண்ணு டெஸ்ட் பண்ணிக்கலாங்களா?"ன்னு கேட்டேன். "எனக்கென்னடா கேடு, வாசல்ல இருந்தே நாந்தானே பாத்துச் சொன்னேன்"னு ஒரே சத்தம். ரெண்டு நாள் பேச்சே இல்ல. ஞாயித்துக்கிழமை அம்மா முருங்கைக்காய் மூட்டை போட வண்டி எடுக்கச் சொல்லி, வர்ற வழியில கண்ணாடிக் கடை முன்னாடி நிறுத்த வெச்சுட்டாங்க. திட்டம் முழுக்க அம்மாவோடது, நான் டிரைவர் மட்டும்தான். பிளஸ் 2 பவர். அம்பத்திரெண்டு வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்னு அங்க சொன்னாங்க. அப்பா பதிலே சொல்லல.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுட்டு நேரா குடோனுக்குப் போனார். மடிச்சு வெச்ச துணியை எல்லாம் மறுபடி பிரிச்சு, ராத்திரி பத்து மணி வரைக்கும் பாத்தார். ரெண்டு இடத்துல சாக்பீஸால குறி போட்டார். முன்னாடி அனுப்பினதைப் பத்தி அவரும் பேசல, நானும் கேக்கல.

பச்சைப் புள்ளி முழுசா போகல. சில நாள் காலையில மானிட்டரைப் போட்டதும் ஒரு பத்து நிமிசம் இருக்கும், சூடானதும் போயிடும். இப்ப நான் ஹாஸ்டல்ல இருக்கேன், மானிட்டர் வீட்டுலயே இருக்கு. அப்பா சாயங்காலம் அதுல யூடியூப்ல நியூஸ் பாக்கறார். போன் பண்ணா சாப்பிட்டயான்னு கேட்டுட்டு, அடுத்தது, "இன்னிக்கு அது வந்திருந்துச்சு கண்ணு"ன்னு சொல்றார்.