கல்லும் கல்லும் சேரும் இடம்

மதிப்பிற்குரிய கொத்தனார் ஐயா அவர்களுக்கு,

மாசசூசெட்ஸில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நீங்கள் எழுப்பிக் கொடுத்த கணப்பு, ஒரு முழுக் குளிர்காலம் எரிந்து முடித்திருக்கிறது. ஒரு பொட்டுப் புகைகூட அறைக்குள் இறங்கவில்லை. அதற்கான நன்றியை ஊரறியத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. இந்தக் குளிர் நாடுகளில் வீடு வாங்கும் எங்கள் மக்களில் பலர், கணப்பு என்பது பெட்டியில் வந்து இறங்கும் சாமான் என்று எண்ணுகிறார்கள். உங்கள் வேலை எங்கே இருக்கிறது என்று அவர்களும் அறியட்டும்.

பெட்டியில்தான் வந்தது, உண்மை. ஐஸ்லாந்தின் ஹெக்லா எரிமலை கக்கிய நுரைக்கல்லைச் சிமெண்டோடு சேர்த்து அச்சில் வார்த்த கட்டைகள். உள்ளெல்லாம் நுண்ணிய காற்றறைகள் என்பதால் எடை குறைவு. சூடும் எளிதில் ஊடுருவாது. ஒன்றன் விளிம்பு மற்றதன் பள்ளத்தில் உட்காரும். வரைபடத்தைப் பார்த்து அடுக்கினால் தீர்ந்தது என்றே யாருக்கும் தோன்றும். நீங்களோ முதல் வரிசைக்கு ரசமட்டம் பார்ப்பதிலேயே அரை நாளைப் போக்கினீர்கள். அடியில் ஒரு நூல் சாய்ந்தால் உச்சியில் அது எத்தனை அங்குலமாகும் என்று கேட்டீர்கள். கல்லுக்கு வடிவம் கொடுக்கும் வேலையை ஆலை எடுத்துக்கொண்டது. கல்லும் கல்லும் சேரும் இடம் இன்னமும் கொத்தனார் கையில்தான் இருக்கிறது என்று அப்போது புரிந்தது.

ஒவ்வொரு கட்டையின் தூசியையும் துடைத்து, ஈரத் தூரிகையால் நனைத்தீர்கள். காய்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிவிட்டால், சிமெண்ட் இறுக நீர் மிஞ்சாது. சாந்து மாவாய் உதிரும். பிறகு பையில் நிரப்பிய கலவையை விளிம்பு நெடுகப் பிதுக்கி, இடையில் அறுபடாத கோடுகளாக இட்டீர்கள். மேல் கட்டை அமர்ந்ததும் வெளியே வழிந்ததைக் கரணையால் எடுத்தீர்கள். உள்ளேயும் கையை நுழைத்து வழித்தீர்கள். புகை ஏறும் பாதையில் சொரசொரப்பு இருந்தால் இழுவை குறையும், கரி ஒட்டும் என்பதற்காக, எவர் கண்ணிலும் படாத அந்தப் பக்கத்தைத் தடவித் தடவிச் சரிபார்த்தீர்கள்.

தீயறைக்குள் தீச்செங்கல் பதிக்கத் தொடங்கியதும் வாளி மாறியது, கலவையும் மாறியது. சாதாரண சிமெண்ட் இறுகும்போது தன்னுள் பிணைத்து வைக்கும் நீரைக் கடும் நெருப்பு பிரித்தெடுத்துவிடும், பிடிப்பு தளரும். அதனால் வெப்பம் தாங்கும் சாந்து. அதிலும் சந்து கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கக் கட்டட விதி. எங்கள் ஊர்க் கொத்தனார் கணக்கில் இரண்டு நூல்.

பக்கச் சுவர்களை அறையை நோக்கி விரித்துப் பதித்தீர்களே, அந்த வித்தையை உலகுக்குச் சொன்னவரும் உங்கள் மாநிலத்துக்காரர்தான். 1753-இல் வோபர்னில் பிறந்த பெஞ்சமின் தாம்ப்சன், பின்னாளில் ரம்ஃபோர்டு பிரபு. 1796-இல் வெளிவந்த கட்டுரையில், கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கங்களைச் சாய்த்து, புகை நுழையும் கழுத்தை நான்கு அங்குலமாகக் குறுக்கச் சொன்னார். அகன்ற கழுத்து, புகையோடு அறையின் சூட்டையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும்.

மரச்சட்டத்துக்கும் கட்டைகளுக்கும் நடுவே நீங்கள் விட்ட வெற்றிடத்தைப் பஞ்சு வைத்து அடைக்கலாமா என்று என் கணவர் கேட்டார். கூடவே கூடாது என்றீர்கள். சூடு அங்கே தேங்கினால் மரம் ஆண்டுக்கணக்கில் வறண்டு, குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுமாம். புகைபோக்கி விஷயத்திலும் இதே கண்டிப்பு: கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம், 10 அடிக்குள் கூரையின் எந்தப் பகுதி இருந்தாலும் அதைவிட 2 அடி மேலே.

எல்லாம் முடிந்ததும் வீடே விறகோடு காத்திருந்தது. நீங்கள் அனுமதிக்கவில்லை. கலவை வாரக்கணக்கில் இறுக வேண்டும் என்றீர்கள். நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு பெருகும். ஈரம் காயாத சந்தில் பெருநெருப்பு மூட்டினால், அந்த ஆவி வழி கிடைக்காமல் சாந்தைப் பிளந்துகொண்டு வெளியேறும். கலவை இறுகிய பிறகும் முதலில் சுள்ளி நெருப்பு, அடுத்து சிறுவிறகு என்று படிப்படியாகத்தான் ஏற்றச் சொன்னீர்கள். சொன்னபடியே செய்தோம். இன்று வரை ஒரு சந்திலும் மயிரிழை வெடிப்பு இல்லை.

வீடு கட்டும் நம்மவர்களிடம் ஒன்று சொல்வேன். விலைப்பட்டியலில் கட்டைகளுக்கு ஒரு தொகையும் கூலிக்கு ஒரு தொகையும் இருக்கும். இரண்டாவதில் பேரம் பேசாதீர்கள். நாளைக் குறைக்கச் சொல்லியும் நெருக்காதீர்கள். நெருப்பை வீட்டுக்குள் பத்திரமாக வைத்திருப்பது அந்தத் தொகைதான்.

ஐயா, ஆண்டுக்கொரு முறை புகைபோக்கியைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லிப் போனீர்கள். குளிர் தொடங்குமுன் நீங்களே வந்து பாருங்கள். வேலைக்குக் கூலி தனி. அன்றைய சாப்பாடு எங்கள் வீட்டில்.


உங்கள் கணப்பில் குளிர்காயும் குடும்பத்தலைவி