தேம்ஸ் ஆற்றின் மறுகரையில்

2024-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின், தென்கிழக்கு இலண்டனிலுள்ள ஒரு பங்கில் ஆறு வாரம் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்குள்ள பங்குத்தந்தை முன்னாளில் உரோமையில் நம்முடன் பயின்றவர். ஏப்ரல் 20-ஆம் நாள் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குக் கோயில் நிரம்பியிருக்கக் கண்டு வியந்தோம். மறுநாள் மராத்தான் ஓட்டத்துக்காகத் தெருக்களை அடைத்துவிடுவார்கள், ஆகையால் மக்கள் முன்னதாகவே வந்துவிட்டனர் என்று நண்பர் விளக்கினார்.

திருப்பலி முடிந்ததும் ஓர் அம்மையார் நம்மை அணுகினார். அவருடைய பதினொரு வயது மகன் ஆட்டிசம் உள்ளவன். அத்தகையோர்க்கென உழைக்கும் தேசிய ஆட்டிசச் சங்கத்துக்கு நிதி திரட்டுவதற்காக அவருடைய கணவர் மறுநாள் ஓடவிருந்தார். "எங்களோடு வந்து பாருங்கள், ஃபாதர்" என்று அழைத்தார். நாமும் இசைந்தோம்.

இலண்டன் மராத்தான் 1981-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் முதன்முதலாக நடைபெற்றது. ஒலிம்பிக் வீரர்களான கிறிஸ் பிராஷரும் ஜான் டிஸ்லியும் அதனைத் தொடங்கினர். அன்று முன்னணியில் ஓடிவந்த அமெரிக்கர் ஒருவரும் நார்வே நாட்டினர் ஒருவரும் ஒருவரையொருவர் முந்த முயலாமல் கைகோத்தபடியே எல்லைக் கோட்டைக் கடந்தார்கள். ஓட்டத்தின் தொலைவு 26 மைல் 385 கஜம், அதாவது 42.195 கிலோமீட்டர். 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கின்போது விண்ட்சர் கோட்டையிலிருந்து விளையாட்டரங்கம் வரை ஓடிய தொலைவே பின்னர் உலகெங்கும் அளவாயிற்று.

கிரீனிச்சிலும் பிளாக்ஹீத் வெளியிலும் தொடங்கும் ஓட்டம், கட்டி சார்க் என்னும் பழைய பாய்மரக் கப்பலைச் சுற்றி, டவர் பாலத்தைக் கடந்து, புனித தோமாஸ் மூர் 1535-இல் தலை வெட்டப்பட்ட டவர் குன்றின் அருகே சென்று, அரண்மனைக்கு முன்னுள்ள மால் வீதியில் முடிகிறது. 2024-ஆம் ஆண்டு ஓட்டத்துக்காகப் பொதுக் குலுக்கலில் பெயர் கொடுத்தோர் 5 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். ஓடி முடித்தோரோ 53 ஆயிரத்துக்குச் சற்று அதிகம். குலுக்கலில் இடம் கிடைக்காதவர்க்கு வேறொரு வழியும் உண்டு. தொண்டு நிறுவனங்கள் சில இடங்களைப் பணம் செலுத்திப் பெற்றுக்கொள்கின்றன. அவ்விடத்தில் ஓடுபவர், இவ்வளவு பவுண்டு திரட்டித் தருவேன் என்று வாக்களிக்கிறார். உற்றாரும் உடன் பணிபுரிவோரும் அவரவர் சக்திக்கேற்ப அளிக்கின்றனர். 1981 முதல் இவ்வாறு சேர்ந்த தொகை 2019-ஆம் ஆண்டில் நூறு கோடி பவுண்டைக் கடந்தது.

ஞாயிறு காலையில் அன்னையும் மகனும் நாமும் புறப்பட்டோம். மக்கள் கூட்டத்தின் நடுவே நிற்கப்போகிறோம் என்று நாம் நினைத்திருந்தோம். அம்மையாரோ கட்டி சார்க் கப்பலின் அருகே இருந்த வட்டக் கட்டடத்தினுள் நம்மை அழைத்துச் சென்று படியிறங்கினார். அது தேம்ஸ் ஆற்றின் அடியிலே நடந்து செல்வோர்க்கென 1902-இல் திறக்கப்பட்ட சுரங்கப் பாதை. நீளம் ஏறத்தாழ 370 மீட்டர். சுவரெங்கும் வெண்ணிற ஓடுகள் பதித்திருந்தன. காதுகளை மூடும் கவசம் அணிந்திருந்த சிறுவன், ஒரு வரிசை ஓடுகளை விரலால் தடவியபடியே மறுமுனை வரை நடந்தான். மேலேறி வந்தபோது ஐலண்ட் கார்டன்ஸ் என்னும் அமைதியான பூங்காவில் நின்றோம். எதிர்க்கரையில் கப்பலின் பாய்மரங்கள் தெரிந்தன.

"ஏன் இவ்வளவு தொலைவில்?" என்று வினவினோம்.

அம்மையார் கூறியது இது: சில ஆண்டுகளுக்கு முன் தெருவோரத்தில் நின்று பார்த்தார்களாம். மேளமும் ஊதுகுழலும் ஆரவாரமும் தாங்காமல் சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினான். அருகில் நின்ற ஒருவர், "பிள்ளையை வெளியே கொண்டுபோங்கள். இங்கு எல்லோருக்கும் தொல்லையாக இருக்கிறது" என்றாராம்.

நாம் ஒன்றும் பேசவில்லை. பேச இயலவில்லை என்பதே உண்மை. அதே சொற்களை நாமும் ஒருமுறை, பீடத்தில் நின்றவாறு, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயிடம் கூறியிருக்கிறோம். மறையுரையின் நடுவே அவருடைய மகன் கூவிக்கொண்டே இருந்தான். ஒலிபெருக்கியில் நம் குரல் கோயில் முழுவதும் கேட்டது. அத்தாய் பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியேறினார். அது நடந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆற்றைப் பார்த்தபடி அம்மையார் மேலும் பல செய்திகளைச் சொன்னார். 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இந்நிலையைப் பலரும் அறியச் செய்தது. ஆனால் அதன்பின் நெடுங்காலம், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று கற்றவர்களும் நம்பினார்கள். எத்தனை தாய்மார் அப்பழியைச் சுமந்தார்களோ! இன்று அக்கருத்து தவறென்று தெளிவாகிவிட்டது. இது பிறவியிலேயே அமைந்த வேறுபாடு, வளர்ப்பினால் வருவதன்று. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றைச் சிலர் நம்மினும் பன்மடங்கு கூர்மையாக உணர்கின்றனர். 1962-இல் இலண்டன் பெற்றோர் சிலர் ஒன்றுகூடி அமைத்ததே இச்சங்கம். அவர்களுள் ஒருவரான லோர்னா விங் மருத்துவர். ஆட்டிசம் உள்ள மகளுக்குத் தாய். அவரும் ஜூடித் கூல்டும் இதே தென்கிழக்கு இலண்டனில், கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 1979-இல் வெளியிட்டனர். ஆட்டிசம் ஒரே அச்சில் வார்த்ததன்று, ஒருவருக்கொருவர் மிகவும் மாறுபடும் என்னும் தெளிவு அத்தகைய ஆய்வுகளால் வளர்ந்தது.

அதற்குள் எதிர்க்கரையில் வண்ண வண்ணமாய் மனிதர் ஓடத் தொடங்கினர். ஆரவாரம் நீரைக் கடந்து வருகையில் கடலோசை போல் தணிந்து ஒலித்தது. சிறுவன் காதுக் கவசத்தைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அம்மையார் நம்மைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

ஓட்டப் பாதை டவர் பாலத்தைக் கடந்தபின் நாம் நின்ற தீவுப் பகுதியிலேயே சுற்றி வருகிறது. நண்பகல் கடந்து, முன்னரே பேசி வைத்திருந்த ஓர் ஒதுக்குத் தெருவின் முனையில் காத்திருந்தோம். வியர்வையில் நனைந்து, கால் தடுமாறி வந்த தந்தை பாதையை விட்டு விலகி மகன் முன் மண்டியிட்டார். மகன் அவரைக் கட்டி அணைக்கவில்லை. முகத்தை நோக்கவும் இல்லை. அவருடைய மார்பில் குத்தியிருந்த எண்ணட்டையின் மீது உள்ளங்கையை வைத்து, சிறிது நேரம் அப்படியே நின்றான். பிறகு திரும்பிக்கொண்டான். "இது போதும்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் எஞ்சிய தொலைவை ஓடச் சென்றார். மகனால் ஒரு நிமிடமும் தாங்க இயலாத அவ்விரைச்சலின் நடுவே, அவன் பொருட்டு அவர் நாள் முழுதும் ஓடினார்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே அத்தாயின் வீட்டைத் தேடிச் சென்றோம். வாயிலில் நம்மைக் கண்டதும் அவர் திகைத்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை, சாமி" என்றார். பரவாயில்லை என்பது போல அவர் முகம் இல்லை.

இப்பொழுது மாதத்தில் ஒரு புதன்கிழமை மாலை, நம் கோயிலில் ஒலிபெருக்கியும் மணியோசையும் இன்றித் திருப்பலி நிறைவேற்றுகிறோம். பக்கவாட்டுக் கதவு திறந்தே இருக்கும். எழுந்து நடப்பவர் நடக்கலாம், கூவுபவர் கூவலாம். முதல் இரண்டு மாதமும் அத்தாய் வரவில்லை. மூன்றாம் மாதம் மகனோடு வந்து கதவருகே அமர்ந்தார். பாதியிலேயே எழுந்து சென்றுவிட்டார்கள். அடுத்த மாதமும் வந்தார்கள்.

அன்பு வாசகர்களே, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட நம்மில் பலருக்குக் கால்வலிமை இல்லை. ஆயினும் நம் தெருவில், நம் கோயிலின் கடைசி வரிசையில், எந்த நொடி யார் திரும்பிப் பார்ப்பார்களோ என்று அஞ்சியபடி ஒரு தாய் அமர்ந்திருக்கக்கூடும். அவர் அருகே ஓரிடம் காலியாக இருந்தால் அங்கே சென்று அமருங்கள்.